ரப்பர் தவளையும் பெரிய விராலும்

அயிரையைப் போட்டு விராலை இழுப்பது என்பது தமிழில் பழைய வழக்கு. சிறிதைக் கொடுத்துப் பெரிதை வாங்கும் காரியக்காரரைக் குறிக்க அதைச் சொல்வார்கள். அந்தச் சொல்லை உண்டாக்கியவர் நிச்சயமாக ஒரு தூண்டில்காரராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இன்று ஏரிக்கரையில் விரால் தேடி நிற்கும் இளைஞரின் பையில் பெரும்பாலும் அயிரை இருப்பதில்லை. உள்ளே காற்று மட்டும் நிறைந்த ஒரு ரப்பர் தவளை இருக்கிறது. அதில் சதை கிடையாது, வாடை கிடையாது, உயிரும் கிடையாது. இருந்தும், பல கோடைகளையும் பல வலைகளையும் தாண்டி வந்த ஒரு முதிர்ந்த விரால், அல்லி இலைகளைப் பிளந்துகொண்டு வந்து அந்த ரப்பரைக் கவ்வுகிறது. மண்புழுவை மோந்து பார்த்துவிட்டு விலகிப்போகும் மீன், தின்னவே முடியாத ஒன்றை ஏன் பாய்ந்து பிடிக்கிறது? இதற்கு விடை மீனின் மூச்சு, கண், தோல், வாய் ஆகிய நான்கிலும் பரவிக் கிடக்கிறது.

இந்த ரப்பர் தவளை அமெரிக்காவில் வேறொரு மீனுக்காக உருவானது. அங்கே ஏரிகளில் தூண்டில்காரர்கள் உயிரை விடுவது பெருவாய்ப் பாஸ் என்னும் மீனுக்கு. அதுவும் விரால்போலவே செடிகொடிகளின் நிழலில் அசையாமல் கிடந்து, அருகே வரும் இரையை ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். பிழைப்பு மட்டும் ஒன்று. அதனால் ஒன்றைப் பிடிக்கும் கருவி மற்றதையும் பிடிக்கிறது. நம் பூவிராலை ஒத்த ஒரு மீன் 2000ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தின் நீர்நிலைகளில் யாரோ கொண்டுவிட்டதால் பரவியிருப்பது தெரியவந்தபோது, பாஸ் பிடிக்கும் அதே தவளைகளைத்தான் அங்குள்ளவர்கள் அதற்கும் வீசினார்கள்.

விராலின் அறிவியற்பெயர் சன்னா ஸ்ட்ரையேட்டா. ஜெர்மானிய மருத்துவரான மார்க்கஸ் பிளாக் 1793இல் இதற்கு முதலில் வைத்த பெயருக்குக் கோடுள்ள பாம்புத்தலை என்று பொருள். தென்னிந்திய மீன்களைப் பாடம் செய்து பெர்லினுக்கு அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர், தரங்கம்பாடியில் இருந்த மதபோதகர் ஜான். விராலின் தம்பியான குறவை, அண்ணனான பூவிரால் எல்லாம் இதே இனத்தொகுதிதான்.

விராலைத் தேட முதலில் அது வாழும் ஏரியை அறிய வேண்டும்; புதுச்சேரியை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் 84 ஏரிகள் உண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பெரியவை பாகூர் ஏரியும் ஊசுட்டேரியும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் ஊசுட்டேரி வந்துவிடும். (நீலகிரி மலை ரயில் புறப்படும் மேட்டுப்பாளையம் வேறு, இது லாரி முனையம் உள்ள புதுச்சேரி மேட்டுப்பாளையம்.) ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரியின் ஒரு பாதி புதுச்சேரியிலும் மறுபாதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே அங்கே அனுமதியில்லாமல் தூண்டிலோடு போய் நிற்கலாகாது. எனினும் இந்தப் பகுதி ஏரிகளின் இயல்பைப் புரிந்துகொள்ள அது நல்ல மாதிரி: பரந்து கிடக்கும், ஆழம் குறைவு, ஓரமெல்லாம் கோரையும் சம்பும், நடுவே அல்லியும் பாசியும், கரைச்சரிவில் காட்டாமணக்குப் புதர். பாஸ் வாழும் ஆழமான மலைநாட்டு ஏரிகளில் கோடையில் மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்ந்த நீருமாக இரு அடுக்குகள் பிரிந்து நிற்கும். மீன் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதே அங்கே பெரிய கேள்வி. நம் ஏரிகளைக் காற்றே கலக்கிவிடுகிறது. இங்கே கேள்வி ஆழம் பற்றியதாக இல்லை. எந்தச் செடிக்குக் கீழே என்பதுதான்.

அதற்கு விடை சொல்லிக்கொடுப்பது விராலின் மூச்சு. மீன் அங்காடியில் இதை எவரும் பார்க்கலாம். கட்லாவும் ரோகுவும் பனிக்கட்டியில் கிடக்கும். விரால் மட்டும் ஓர் அலுமினியத் தொட்டியில் அரை சாண் நீரில் மணிக்கணக்காக நெளிந்துகொண்டிருக்கும். உயிரோடு இருப்பதால்தான் அதற்கு அந்த விலை. அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, இரத்தநாளங்கள் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. செவுள்மேல் அறை என்று அதைச் சொல்லலாம். விரால் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி அந்த அறையில் அடைத்துக்கொண்டு கீழே போகிறது. பனையேறிக் கெண்டையின் தலையிலும் இதே வேலையைச் செய்யும் ஓர் உறுப்பு உண்டு. தரங்கம்பாடியில் டென்மார்க் படை அதிகாரியாக இருந்த டால்டார்ஃப், 1791இல் அந்த மீன் ஒரு பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதி, ஐரோப்பிய அறிஞர்களைப் பல தலைமுறைக்கு வாதாட வைத்தார்.

விராலுக்குக் காற்று ஆடம்பரம் இல்லை, கட்டாயம். இதை எப்படி அறிந்தார்கள்? மிக எளிய சோதனை. தொட்டியில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு வலையை விரித்துக் கட்டிவிடுவார்கள். நீரில் உயிர்வளி போதிய அளவு இருக்கும். மீன் மட்டும் மேலே வர முடியாது. கெண்டை பிழைத்துக்கொள்ளும். வளர்ந்த விரால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். தண்ணீரில் மூழ்கிச் சாகும் மீன் என்பது வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் அதுதான் நடக்கிறது. செவுள் இருந்தும், அது பெரும்பாலும் கரியமில வாயுவை வெளியேற்றும் வாசலாகவே பயன்படுகிறது.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு என்பதற்கு விடை நம் வெயில். 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் காற்றிலிருந்து ஏற்று வைத்துக்கொள்ளக்கூடிய உயிர்வளி ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம். ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராம் இருக்கிறது. அந்த ஏழரையும் எப்போதும் கிடைப்பதில்லை. பகலில் பாசியும் செடிகளும் உயிர்வளியை உண்டாக்குகின்றன. இரவில் அவையே அதைச் செலவழிக்கின்றன. ஆகவே செடி அடர்ந்த ஏரியில் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும் நேரம் விடியலுக்குச் சற்று முன். அந்த வேளையில் கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு மேற்பரப்பில் தளர்ந்து மிதப்பதைக் குளக்கரைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். மேலே போய் ஒரு மூச்சு இழுத்துவிட்டு வரும் விராலுக்கு அந்தத் தளர்ச்சி கிடையாது. வெளிச்சமும் குறைவு, இரையும் சோர்ந்திருக்கிறது. விடியற்காலையில் விரால் நன்றாக அடிக்கும் என்று தூண்டில்காரர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் தேட வேண்டியதில்லை.

மூச்சுக்கு வரும்போது விரால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேலே வந்தாக வேண்டும். பழகிய ஆள் கரையில் வந்ததும் தூண்டிலை எடுக்க மாட்டார். முதலில் கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்ப்பார். கெண்டை துள்ளினால் நீர் தெறிக்கும். குறவை மேலேறினால் சின்னதாக ஒரு சொடக்கு. பெரிய விரால் வந்தால் பாசி மெதுவாக உப்பி, நடுவில் ஒரு குழி விழுந்து, கனத்த ஒரு வட்டம் மட்டும் விரிந்து அடங்கும். இரண்டு மூன்று முறை அதே இடத்தில் அந்த வட்டம் தோன்றினால் அங்கே ஒரு பெரிய மீன் குடியிருக்கிறது என்று பொருள். பாஸ் பிடிப்பவர் இந்த வசதிக்காக மின்னணுக் கருவியால் நீருக்குள் ஒலியை அனுப்பித் தேட வேண்டியிருக்கிறது.

இடம் தெரிந்துவிட்டது. அடுத்து, மீனுக்கு ஆள் தெரியக் கூடாது. இங்கேதான் பலர் தோற்கிறார்கள். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலுள்ள ஒரு வட்டச் சன்னலுக்குள் அடங்கியிருக்கும். காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளி கீழ்நோக்கி மடங்குவதால், அடிவானத்திலிருந்து அடிவானம்வரை உள்ள 180 பாகைக் காட்சியும் 97 பாகையுள்ள ஒரு கூம்புக்குள் நெருக்கிப் போடப்படுகிறது. சன்னலுக்கு வெளியே மேற்பரப்பு கண்ணாடிபோல் ஏரியின் தரையையே திருப்பிக் காட்டும். இந்த நெருக்கடியில் அதிகம் நசுங்குவது சன்னலின் விளிம்பு. நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாக இருக்கும் எதுவும் அந்த விளிம்பில் ஒரு மெல்லிய கோடாகக் கரைந்துவிடும். கரையில் நிமிர்ந்து நிற்கும் மனிதர் தெளிவாகத் தெரிவார். அதே தூரத்தில் குந்தியிருப்பவர் ஏறக்குறைய மறைந்துவிடுவார். கொக்கு கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்; தூண்டில்காரர் குந்துவதற்கு இந்த ஒன்று போதும். ஒளியின் இதே மடக்கம் நம் பக்கத்திலிருந்தும் ஏமாற்றும். நாலடி ஆழத்தில் கிடக்கும் மீன், நேர் மேலிருந்து பார்ப்பவருக்கு மூன்றடியில் இருப்பதுபோல் தோன்றும். ஈட்டி எறிகிறவர் மீனுக்குக் கீழே குறிவைப்பது அதனால்தான்.

பேச்சைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு: கரையில் வாயைத் திறந்தால் மீன் ஓடிவிடும் என்பார்கள். காற்றில் பயணம் செய்யும் ஒலியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் நுழைகிறது. மேற்பரப்பே திருப்பி அடித்துவிடுகிறது. தாராளமாகப் பேசலாம். ஆனால் ஈரக்கரையில் தொம் தொம்மென்று நடப்பது வேறு கதை. அந்த அதிர்வு மண்வழியாக நேராக நீருக்குள் போகும். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், காற்றில் ஓடுவதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்.

ரப்பர் தவளையின் நிறத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் நிறையச் சொல்வார்கள். இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பாஸ் மீன்களுக்குக் குறிப்பிட்ட நிறத்தைத் தேர்ந்தால் இரை கிடைக்கும் என்று பழக்கினார்கள். சிவப்பையும் பச்சையையும் அவை நன்றாகப் பிரித்தறிந்தன. பச்சைகலந்த மஞ்சளையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டன; நீலமும் கறுப்பும் அவற்றுக்கு ஒன்றாகவே பட்டன. மனிதக் கண்ணில் மூன்று வகை நிறமறியும் கூம்பணுக்கள் உண்டு. பாஸின் கண்ணில் இரண்டே வகை. விராலின் கண்ணுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் மிதக்கும் தவளையைக் கீழிருந்து பார்க்கும் எந்த மீனுக்கும் தெரிவது வானத்தின் ஒளியை மறைக்கும் ஒரு கரிய நிழலுரு. அதன் முதுகில் எந்த வண்ணம் பூசினாலும் அது வாங்குபவரின் கண்ணுக்குத்தான் விருந்து.

நிழலைவிட முக்கியமானது அசைவு. மீனின் உடலில் செவுளிலிருந்து வால்வரை ஓடும் ஒரு வரி உண்டு. சமையலறையில் விராலைச் சாம்பல் போட்டுத் தேய்க்கும்போது அந்தச் செதில் வரியில் நுண்ணிய துளைகள் இருப்பது தெரியும். பக்கக்கோடு என்பது அதன் பெயர். ஒவ்வொரு துளைக்கும் பின்னால் மெல்லிய மயிரணுக்கள், கூழ் போன்ற ஒரு தொப்பியை அணிந்து நிற்கின்றன. பக்கத்தில் நீர் அசைந்தால் தொப்பி சாயும், மயிர் வளையும், நரம்பில் செய்தி போகும். நெல் வயலில் காற்று எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை நாற்றுகள் சாய்வதைப் பார்த்து அறிவதுபோல, மீன் தன் உடலெங்கும் சாயும் இந்தத் தொப்பிகளைக் கொண்டு இரை எங்கே, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அறிகிறது. இது தொலைவுக்கு உதவாது; ஏறத்தாழ ஓர் உடல் நீளம், இரண்டு உடல் நீளம், அவ்வளவுதான்.

இதைப் பிரித்துக் காட்டிய ஒரு சோதனை 2001இல் வெளியானது. வட அமெரிக்காவில் வாழும் மஸ்கெலஞ்சு என்னும் பதுங்கிப் பாயும் மீனை எடுத்துக்கொண்டார்கள். சில மீன்களின் பார்வையை மறைத்தார்கள்; சிலவற்றின் பக்கக்கோட்டை ஒரு வேதிப்பொருளால் மரத்துப்போகச் செய்தார்கள். பார்வை இல்லாத மீன், இரை மிக அருகே வரும்வரை அசையாமல் காத்திருந்து பிடித்தது. பக்கக்கோடு இல்லாத மீன் கண்ணால் பார்த்துப் பாய்ந்தது, ஆனால் அதன் முறை மாறியது. இரண்டையும் இழந்த மீன் இரையைத் தாக்கவே இல்லை. ஆக, தொலைவில் கண், நெருக்கத்தில் பக்கக்கோடு. மூக்குக்கு அந்தக் கடைசி நொடியில் வேலையே இல்லை. வாடையற்ற ரப்பர் வெற்றிபெறும் இரகசியம் இதுதான்.

தவளையை இழுக்கும் முறையும் இதிலிருந்தே பிறக்கிறது. இடைவிடாமல் இழுத்துக்கொண்டே வருவது புதியவரின் பழக்கம். தேர்ந்தவர் இலைமேல் விழவிட்டு, அலை அடங்கும்வரை காத்திருக்கிறார். பிறகு தூண்டில் நூலான நரம்பை இரண்டு சுண்டு. தவளை இலையின் ஓரத்திலிருந்து நீரில் சறுக்கி விழும். மறுபடி நிறுத்தம். பெரும்பாலான அடிகள் இந்த நிறுத்தத்தில்தான் விழுகின்றன. காரணத்தை இரையின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சிறுமீனின் மூளையில் மௌத்னர் நரம்பணு என்று இரண்டு பெரிய நரம்பணுக்கள் உண்டு. ஆபத்தின் அதிர்வு பட்டதும், நொடியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்குள் அவை உடலை வில்போல வளைத்து எதிர்ப்பக்கம் தெறிக்கவைக்கும். அவ்வளவு விரைவாகத் தப்புகிற ஒன்றைத் தொலைவிலிருந்து துரத்திப் பிடிப்பது வீண்செலவு. பதுங்கும் மீன் அருகே நகர்ந்து, உடலைப் பாம்புபோல மடித்து வைத்துக்கொண்டு, இரை அசையாத கணத்துக்காகக் காத்திருக்கிறது. தூண்டில்காரர் செய்யும் நிறுத்தம் அந்தக் கணத்தைக் கையில் எடுத்துக் கொடுப்பது.

அடி விழுந்துவிட்டது, தவளை மறைந்துவிட்டது. உடனே இழுப்பவர் வெறுங்கையோடு நிற்பார். இதற்குக் காரணம் விரால் தவளையைக் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயை நொடியின் ஒரு சிறு பங்குக்குள் அகலத் திறக்கும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப நீர் பாய்கிறது. நீரோடு இரையும் போகிறது. உறிஞ்சுதலுக்கு ஒரு பெரிய குறை உண்டு. எரியும் விளக்கைக் கைநீளத் தொலைவிலிருந்து ஊதி அணைத்துவிடலாம். அதே தொலைவிலிருந்து உறிஞ்சி அணைக்க முயன்றால் சுடர் அசையக்கூடச் செய்யாது. ஊதும்போது காற்று ஒரே திசையில் அம்புபோல் போகிறது. உறிஞ்சும்போது எல்லாத் திசையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. மீனின் உறிஞ்சலும் வாயின் அகலத்துக்கு அப்பால் பயனற்றது. மேலே மிதக்கும் தவளையை உறிஞ்சும்போது பாதி காற்றும் பாசியும்தான் போகும். தவளை முதலில் உதட்டளவில் மாட்டும். பிறகு மீன் வாயை மூடி, திரும்பி, கீழே இறங்கும்போதுதான் அது உள்ளே போய்ச் சேரும். இரண்டு நொடி பொறுத்து, நரம்பு நகர்ந்து இறுகுவதைக் கண்ட பிறகு ஓங்கி இழுத்தால் முள் ஏறும். ரப்பர் தவளையின் உடல் உள்ளீடற்று இருப்பதும் இதற்காகவே. அதன் இரட்டை முள்கள் முதுகை ஒட்டி மேல்நோக்கிப் படுத்திருப்பதால் செடியில் மாட்டுவதில்லை. மீனின் தாடை அமுக்கும்போது மட்டும் உடல் சப்பிப்போய் முள்முனைகள் வெளியே நீட்டிக்கொள்ளும்.

உயிருள்ள தவளையைக் கோத்துப் போடும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பெருந்தவளை 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர் என்பதும், தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் நிறுத்தியது என்பதும் கோப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை.

மாட்டிய பெரிய விரால் நேராகச் செடிக்குள்தான் ஓடும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இதைக் கூர்ந்து பார்த்து எழுதிவைத்தவர் மதுரை நக்கீரர். அகநானூற்றின் 36ஆம் பாடலில் தூண்டில் முள்ளிலிருந்த இரையை விழுங்கிய பெரிய ஆண் விரால் ஒன்று வருகிறது. அது ஆம்பல் இலைகளைக் கிழிக்கிறது, குவளைப் பூக்களைச் சிதைக்கிறது, வள்ளைக் கொடிகளைப் பின்னிக் குழப்புகிறது. தூண்டில்காரன் இழுத்தும் வராமல், கயிறு பூட்டிய சினங்கொண்ட காளைபோலக் குளத்தை உழக்குகிறது. ஆம்பல், குவளை, வள்ளை என்ற வரிசையில் எந்தச் செடி நரம்பை என்ன செய்யும் என்பதே அடங்கியிருக்கிறது. இலை கிழியும், பூ சிதையும், அவற்றால் பெரிய தொல்லை இல்லை. கொடிதான் ஆபத்து.

அதன் இயற்பியல் மாட்டுக்காரர் எல்லோருக்கும் தெரிந்தது. திமிறும் காளையின் கயிற்றைக் கையில் பிடித்தால் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். அதே கயிற்றை ஒரு மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவன் போதும், காளை நிற்கும். ஒவ்வொரு சுற்றும் உராய்வைக் கூட்டுவதோடு நில்லாமல் பெருக்கிக்கொண்டே போகிறது. நரம்பு கொடித்தண்டுகளில் நான்கைந்து சுற்றுச் சுற்றிக்கொண்டால் கரையில் இருப்பவர் இழுக்கும் விசை மீனைப் போய்ச் சேரவே சேராது; கொடியைத்தான் இழுத்துக்கொண்டிருப்பார். ஆகவே முதல் சில நொடிகளிலேயே மீனின் தலையைச் செடியிலிருந்து திருப்பிவிட வேண்டும். அதற்கு நீளாத நரம்பு தேவை. சாதாரண நைலான் நரம்பு இழுத்தால் ரப்பர்போலக் கொஞ்சம் நீண்டுகொடுக்கும். அந்த இழுவையில் முள் ஏறும் வேகமும் மீனைத் திருப்பும் வலுவும் வீணாகும். பாலித்தீன் இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு நீள்வதில்லை, கோரைத்தண்டை அறுத்துக்கொண்டும் வரும். நீளாத நரம்புக்கு வேறொரு கேடு உண்டு: மீன் திடீரென்று உதறினால் விசை முழுவதும் முள் ஏறிய இடத்தில் விழுந்து தாடை கிழியும். அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது வளையும் கம்பின் வேலை. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது போன்றது அது.

காற்றழுத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தூண்டில்காரர்கள் ஒப்பமாட்டார்கள். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் மீன் கடிக்கும், அல்லது கடிக்காது. இரண்டையும் அடித்துச் சொல்பவர்கள் உண்டு. கணக்கைப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்பதில்லை. நீரில் ஒரு சென்டிமீட்டர் கீழே போனால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிபார் கூடும். புயல் ஒன்று கடந்து போகும்போது அழுத்தம் 20 மில்லிபார் இறங்குகிறது என்று வைத்தாலும், 20 சென்டிமீட்டர் ஆழமாக இறங்கிய மீனுக்கு அது சமமாகிவிடும். மூச்சுக்காகச் சில நிமிடங்களுக்கொரு முறை மேலும் கீழும் போய்வரும் விரால் அந்த மாற்றத்தை நாள் முழுக்க அனுபவித்துக்கொண்டிருக்கிறது. புயல் நாளில் மீன் நடத்தை மாறுவது உண்மையானால் அதற்கு மேகம், காற்று, வரத்து வாய்க்காலில் வரும் கலங்கல் நீர் ஆகியவையே காரணமாக இருக்க முடியும்.

பெரிய மீன் ஏன் அரிது? விரால் பெரும்பாலும் ஒன்று இரண்டு கிலோவில்தான் கிடைக்கிறது. ஒரு மீட்டர்வரை வளரும் என்று பதிவுகள் சொல்கின்றன. உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் கீழ்ப்படியிலிருந்து உண்டதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மேல்படியின் உடலாகிறது. பாசி, பூச்சி, சிறுமீன், விரால் என்று மூன்று படி ஏறினால் ஆயிரத்தில் ஒன்று மிஞ்சும். ஓர் ஏரி தாங்கக்கூடிய பெரிய விரால்களின் எண்ணிக்கை அந்தக் கணக்கிலேயே சுருங்கிவிடுகிறது. நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எட்டு மடங்கு உடலை வளர்த்த மீனுக்கு ஒவ்வோர் அயிரையாகத் துரத்துவது கட்டுபடியாகாது. வாய்க்குள் அடங்குகிற பெரிய இரையே இலாபம். பெரிய தவளையைப் போட்டால் அடிகள் குறையும், அடிப்பவை பெரிதாக இருக்கும். பாஸ் பிடிப்பவர்களின் உலகச் சாதனை 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பத்துக் கிலோ மீன். 77 ஆண்டுக்குப் பிறகு 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அதற்கு இணையான ஒன்றைப் பிடித்தார். அவர் போட்ட இரை உயிருள்ள ஒரு சிறுமீன். நம் பழமொழி அங்கேயும் செல்லுபடியாகியிருக்கிறது.

ஏரியில் எஞ்சி நிற்கும் பெரிய மீன் வெறும் அதிர்ஷ்டக்காரனா, குணமே அப்படியா என்ற கேள்விக்கு இல்லினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரியில் பதில் தேடினார்கள். 1970களில் தொடங்கிய அந்த ஆய்வில், ஏரியின் ஒவ்வொரு பாஸும் எத்தனை முறை தூண்டிலில் மாட்டியது என்று குறித்து, விட்டுவிட்டார்கள். பின்பு ஏரியை வடித்துப் பார்த்தபோது சில மீன்கள் திரும்பத் திரும்ப மாட்டியிருந்தன. சில ஒருமுறைகூட மாட்டவில்லை. மாட்டுபவற்றைத் தமக்குள்ளும் மாட்டாதவற்றைத் தமக்குள்ளும் இனப்பெருக்கம் செய்யவிட்டார்கள். மூன்று தலைமுறை கழிந்தபோது இரண்டு வழியினருக்கும் இடையிலான வேறுபாடு கூடிக்கொண்டே போயிருந்தது. 2009இல் வெளியிடப்பட்ட முடிவு: தூண்டிலில் மாட்டும் குணம் ஓரளவு பிறப்பில் வருவது. எளிதில் மாட்டும் பாஸ் ஆண்களே தம் கூட்டைக் காப்பதில் முனைப்பானவை என்பதும் தெரியவந்தது. துணிந்து பாயும் மீனைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இருந்தால் ஏரியில் மிஞ்சுவது ஒதுங்கிப்போகும் மீன்.

இந்தக் கூட்டுக் காவல் விராலுக்கும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறையும்போது ஆணும் பெண்ணும் செடிகளுக்கு நடுவே ஒரு வட்டத்தைச் சுத்தம் செய்துகொள்ளும். எண்ணெய்த் துளி கொண்ட முட்டைகள் அந்த வட்டத்தில் மிதக்கும். பொரித்து வரும் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரே திரளாக நகரும். நீர்ப்பரப்பில் அந்த ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் இருக்கும். தாயும் தந்தையும் அதற்கு நேர் கீழே நிற்கும். பசியே இல்லாவிட்டாலும் அந்தத் திரளுக்குள் விழும் எதையும் அவை அடிக்கும், ரப்பர் தவளையாக இருந்தாலும். இதைவிட எளிதாகப் பெரிய விரால் கிடைக்கும் இடம் ஏரியில் வேறு இல்லை. காவல் மீனைத் தூக்கிவிட்டால், சுற்றிக் காத்திருக்கும் குறவைகளும் மற்ற மீன்களும் குஞ்சுத் திரளைத் தின்று தீர்த்துவிடும். மழைக்காலத்தில் கரையில் உட்காரும் தூண்டில்காரர் அந்தச் செந்நிறத் தூறலைக் கண்டால் நரம்பைச் சுற்றிக்கொண்டு அடுத்த மதகுக்கு நடப்பதே முறை.